இரும்பின் மேல் போட்ட பழி

ஜெயராணியின் அப்பா ஆரோக்கியராஜுக்கு இடது முழங்கால் மடங்காது. கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஐஸ் பார் ஒன்று சரிந்து அந்தக் காலில் விழுந்தது. அதற்கு முன்னால் அவர் நல்ல வாலிபால் ஆட்டக்காரர். அவர் எழும்பி அடித்த பந்தைத் தடுக்கப் போய் விரல் பிசகியவர்கள் இன்னமும் முதுநகரில் இருக்கிறார்கள். ஆடமுடியாமல் போனபின், மகள் ஆடுவதைப் பார்ப்பதே அவருக்கு ஆட்டமாகிவிட்டது. கடலூரில் எங்கே போட்டி நடந்தாலும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். வெளியூர் என்றால் வரமுடியாது. காலை நீட்டிக்கொண்டு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட அவரால் உட்கார முடியாது.

ஜெயராணி சிதம்பரத்தில் விடுதியில் தங்கி உடற்கல்வியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. வயது வரம்புப்படி அதற்கு அவளுக்கு 2009ஆம் வருஷம்தான் கடைசி வருஷம். அவள் அப்படியொன்றும் உயரமில்லை. வலைக்கு மேலே கை போகவேண்டுமானால் கால்தான் தூக்கிவிட வேண்டும். எவ்வளவு ஓடினாலும் தாண்டினாலும் அந்த எழும்பல் இரண்டு வருஷமாக ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தது.

அவளோடு விடுதியில் இருந்த அனுப்பிரியா, பண்ருட்டிப் பெண், அப்போது எம்.பில். ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். அதிக கனம் தூக்கிப் பயிற்சி செய்தால் எழும்பும் சக்தி கூடுமா என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். வாலிபால் பெண்கள் சிலரைச் சேர்த்தபோது ஜெயராணி தானாகவே போய் நின்றாள். அனுப்பிரியா எதையும் மறைக்கவில்லை. கனம் தூக்குகிற வாரங்களில் கால் மந்தமாகத்தான் இருக்கும், முன்பைவிடக் குறைவாகக்கூட எழும்பும், தூக்குவதை நிறுத்தி ஓய்வு கொடுத்த பிறகுதான் பலன் தெரியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழவேண்டும். எண்ணிக்கை குறைவு, கனம் அதிகம். முதல் வாரம் விடுதிப் படியில் இறங்கும்போது ஜெயராணிக்குத் தொடை நடுங்கியது. போகப்போகக் கம்பியின் இரண்டு பக்கமும் தட்டுகள் கூடிக்கொண்டே போயின. அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் உடம்பை விடப் பெரிய கனத்தைத் தூக்கி நிமிரும்போது, தனக்குள் இன்னொருத்தி எழுந்து நிற்பதைப் போல இருந்தது. ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னாள். அவருக்கு மனசு ஒப்பவில்லை. எழும்பி ஆடுகிற காலுக்கு எதற்கு இரும்பு என்று கேட்டதோடு விட்டுவிட்டார்.

கனம் உச்சத்தில் இருந்த சமயத்தில் அந்த விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வு அறிவிப்பு வந்தது. இரண்டு இடத்தில் தேர்வு. கடலூரில் அடுத்த வாரமே. மதுரையில் ஒரு மாதம் கழித்து. ஒருவர் ஏதாவது ஓரிடத்தில்தான் கலந்துகொள்ளலாம். மதுரைக்குப் போ என்று அனுப்பிரியா திரும்பத் திரும்பச் சொன்னாள். ஜெயராணியும் அந்த முடிவோடுதான் ஊருக்குப் போனாள்.

அப்பா அறிவிப்பை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். சலவைக்குப் போட்டு வாங்கிய வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது.

"நம்ம ஊர்லயே வைக்கிறாங்களாமே," என்றார். "நானும் வந்து பாப்பேன்ல."

மதுரை என்ற வார்த்தை ஜெயராணியின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. தனக்குத் தெரியாதா தன் காலை, ஒரு நாள் எழும்பிவிட மாட்டேனா என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கடலூர் என்றே எழுதிக் கொடுத்தாள்.

எழும்பவில்லை. சுவரோரம் எழும்பித் தொட்ட உயரமே பழைய உயரத்துக்குக் கீழே போனது. ஆட்டத்தில் பந்து சரியாகத்தான் வந்தது, இவள் கை போய்ச் சேருவதற்குள் அது இறங்கியிருந்தது. நனைந்த சாக்கைக் கட்டிக்கொண்டு தாண்டுவது மாதிரி இருந்தது. பழைய கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த அப்பா, கடைசிப் பந்து வரைக்கும் கை தட்டினார். பெயர்களை வாசித்தபோது அவள் பெயர் இல்லை. ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா சொன்னார்.

"அந்த இரும்புதாம்மா உன் காலக் கெடுத்துடுச்சி."

கனம் தூக்கும் வாரங்கள் முடிந்திருந்தன, ஜெயராணி வீட்டிலேயே இருந்தாள். ஆராய்ச்சியில் கடைசி அளவெடுப்பு பாக்கி இருந்தது. வரவேண்டாம் என்று அனுப்பிரியா போனில் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். ஒத்துக்கொண்டதைப் பாதியில் விடக்கூடாது என்று ஜெயராணி சிதம்பரத்துக்குப் போனாள். மதுரைத் தேர்வு அதற்கு முந்தின நாள்தான் முடிந்திருந்தது. கம்பியைத் தொட்டு வாரங்கள் ஆகியிருந்தன.

விரலில் சாக்பீஸ் தூளைத் தொட்டுக்கொண்டு எழும்பினாள். தரையை விட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பில் கனமே இல்லை. சுவரில் பதிந்த வெள்ளைத் தடம், அவள் வாழ்நாளில் தொட்ட எந்த உயரத்தையும்விட நான்கு விரற்கடை மேலே இருந்தது. அனுப்பிரியா நாடாவை வைத்து அளந்தாள், மறுபடியும் அளந்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயராணி மறுபடி எழும்பினாள். எங்கேயோ தப்பு நடந்திருக்க வேண்டும், இது பொய்யாகிவிட வேண்டும் என்ற ஆவேசத்தோடு மறுபடியும் எழும்பினாள். ஒவ்வொரு தடமும் அதே உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது.

"போதும்டி," என்றாள் அனுப்பிரியா.

ஜெயராணி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். தேர்வில் தோற்ற அன்றைக்கு அவள் அழவில்லை. அன்றைக்குத் தோற்றது தன் திறமை என்று நினைத்திருந்தாள், அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. தன் திறமை தோற்கவில்லை, தேதிதான் தோற்கடித்தது என்பதைத் தாங்க முடியவில்லை.

கடலூர் பஸ்ஸில் ஏறிய பிறகு அவள் அப்பாவை நினைத்தாள். இதைச் சொன்னால் அவர் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: அப்போ மதுரைக்குப் போயிருந்தா?

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, "அளந்தாங்களாம்மா?" என்றார்.

"அளந்தாங்கப்பா."

"எவ்ளோ?"

"பழைய அளவுதாம்ப்பா. ஏறவே இல்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நான்தான் அப்போதே சொன்னேனே என்றார். அதில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதலுக்காகத்தான் பொய் சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் ஜெயராணிக்குக் கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. ஆராய்ச்சியை முடித்த அனுப்பிரியா, பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தாள். ஆரோக்கியராஜ் அவளை மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். ஆனால் பேச்சு அங்கேதான் போய் நின்றது.

"தப்பா நெனச்சிக்காதம்மா. நீங்க அந்த இரும்பத் தூக்க வெச்சீங்க பாரு, அதுலதான் எம் பொண்ணு கால் போச்சு. இல்லாட்டி இன்னேரம் பெரிய வேலையில இருந்திருப்பா."

அனுப்பிரியாவின் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஜெயராணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாப்பா," என்றாள். "இரும்புதான்."