தாயம்மாவுக்கு விழுந்த கப்பல்

தாயம்மாவின் வீட்டில் பிரிக்காத மிக்ஸி ஒன்று இருந்தது. ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் கம்பெனி மேனேஜர் மோகன் கொடுத்தது. மார்கழியும் பாதி ஓடிவிட்டது, அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பைக்கூட அவள் கிழிக்கவில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் குந்தியிருக்கும் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சந்தலை சுட்டது.

மிக்ஸியைப் பார்த்து ஒருத்திக்குக் கோபம் வருமா என்று கேட்பீர்கள். வரும், கண்ணுகளா. எப்படி என்று சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு மோல்டிங் கம்பெனி. கடலில் குப்புற மிதந்து மீன் பார்ப்பவர்கள் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் மாஸ்க்கும், வாயில் கவ்வி மூச்சு விடும் குழாயும் அங்கே தயாராயின. வெளியூர்க் கப்பல், தீவு ஓட்டல் என்று எங்கெங்கோ போகும். தாயம்மா இருந்தது செக்கிங் டேபிளில். வார் போடுவதற்கு முன்னால் மாஸ்க்கை ஸ்பிரிட் துணியால் துடைத்து முகத்தில் வைக்க வேண்டும். மூக்கால் ஒரு இழு. கையை எடுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் ஓரத்தில் எங்கோ பிசிறு, தண்ணீர் புகும், ரிஜெக்ட். ஒரு நாளைக்கு நானூறு முகம் வைப்பாள். பதினோரு வருடமாக வைக்கிறாள். நெற்றியிலிருந்து கன்னம் வழியாக மூக்குக்குக் கீழே வரை ஒரு வளையம் அவள் முகத்தில் நிரந்தரமாகவே விழுந்துவிட்டது. மஞ்சள் பூசினாலும் அந்தத் தடம் மட்டும் தனியாகத் தெரியும்.

அந்தக் கண்ணாடி வழியாகப் பதினோரு வருடமாக அவள் பார்த்தது என்ன? ட்யூப் லைட். எதிர்ச் சுவர். அவ்வப்போது மோகன் மூஞ்சி.

மாஸ்க் வாங்கும் கப்பல்காரர்கள் வருடா வருடம் கம்பெனிக்குச் சில இடங்கள் கொடுப்பார்கள். பொங்கல் லீவில் சென்னைத் துறைமுகத்தில் ஏறினால், இலங்கையைச் சுற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய்த் திரும்பும் கப்பல். ஆபீஸ் ஆட்கள் போய்வந்து நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டுவார்கள். வெள்ளை மணல், தென்னைமரத்தடியில் வாழைப்பழமும் அன்னாசியும் அடுக்கிய மேசை, கண்ணாடி அடிவைத்த படகு. நீலத் தண்ணீரில் மோகன் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவன் முகத்தில் இருக்கும் மாஸ்க் இவள் மூச்சிழுத்து அனுப்பியது. தாயம்மா சாப்பாட்டு நேரத்தில் போர்டின் முன்னால் நின்று அந்தத் தண்ணீரையே பார்ப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தால் எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இந்த வருடம் முதலாளி சம்பந்தம், "ஒரு சீட்டு குலுக்கல்ல விடலாம், யாருக்கு விழுதோ அவங்க போகட்டும்" என்றார். ஆயுத பூஜை அன்று முதல் மெஷினுக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, அதன் முன்னால் ஒரு தூக்குச்சட்டியில் எல்லார் பேரையும் போட்டுக் குலுக்கினார்கள். கற்பூரம் எரியும்போதே முதலாளியின் மகள் ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள். தாயம்மா.

அப்படிக் கைதட்டினார்கள். பக்கத்து ஸ்டூல் ரைஹானா அவளைக் கட்டிக்கொண்டு, "அக்கா, பூந்தமல்லி பஸ்ல சீட்டு புடிக்கவே உனக்குத் துப்பு இல்ல, கப்பல்ல புடிச்சுட்டியே!" என்று கத்தினாள். குங்குமம் ஒட்டிய அந்தச் சீட்டைத் தாயம்மா பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மோகன் கூப்பிட்டான். "பாஸ்போர்ட் இல்லாம ஏத்த மாட்டாங்கம்மா. அதனால உங்களுக்கு மிக்ஸி."

"எடுத்துகினா?"

"எடுங்க, பாக்கலாம்."

எடுத்தாள். மகள் கனிமொழி ஆவடியிலிருந்து லீவு போட்டு வந்து கூடவே அலைந்தாள். கார்த்திகையில் பாஸ்போர்ட் வந்தது. தாயம்மா அதை மோகன் மேசையில் வைத்தாள்.

மோகன் அதைப் புரட்டிப் பார்த்தான். "நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

"உனக்குத் தெரியுமா சார்? போட்டோல உன் மேல மட்டும் ரெண்டு மிதவச் சட்டை கீது."

கூட வந்திருந்த ரைஹானா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். மோகன் முகம் கறுத்தது. "அதெல்லாம் விடுங்க. நீங்க காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆளுக்குத்தான் கப்பல். முதலாளி மச்சான் திருமுருகன் பேரு ஏற்கெனவே போயாச்சு."

"காண்ட்ராக்ட்னா எம் பேர எதுக்குச் சட்டில போட்ட?"

"சும்மா ஒரு சந்தோஷத்துக்கும்மா."

சந்தோஷத்துக்காம். கேட்டீர்களா? கற்பூரம் ஏற்றி, மெஷின் சாட்சியாகக் கூப்பிட்ட பேர். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் மிக்ஸிப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டை விரல் வீங்கியதுதான் மிச்சம். அதற்கும் சேர்த்து மோகனையே திட்டினாள்.

மார்கழிக் கடைசி. அதே கப்பலுக்கு அறுநூறு மாஸ்க் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். வேன் வாசலில் நின்றது. செக்கிங் டேபிளில் எட்டுப் பெண்களும் நிமிராமல் மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்கள். மோகன் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"சீக்கிரம், சீக்கிரம். மூச்சு இழுக்குறதெல்லாம் ஒரு வேலையாம்மா? நாய்கூடத்தான் மூச்சு இழுக்குது."

தாயம்மா கையிலிருந்த மாஸ்க்கை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனால் அந்த ரூமில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீயே இழு" என்றாள்.

"என்னது?"

"நாய் செய்யிற வேலதானே? நீயே இழுத்துக்கோ. எம் மூஞ்சி இன்னிக்கி லீவு." ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சுவரோரமாகக் குந்தினாள்.

ரைஹானாவும் எழுந்தாள். "எனக்கும் மூஞ்சி வலிக்கிது சார்." அவளுக்குப் பின்னால் மற்ற ஆறு பேரும். எட்டு ஸ்டூல்கள் சுவரோரம் வரிசையாகிவிட்டன. யாரும் கோஷம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

மோகன் ரிசப்ஷனிலிருந்து லாவண்யாவைக் கூப்பிட்டான். அவள் சுவரோரம் ஒரு பார்வை பார்த்தாள். "எனக்குச் சளி சார்" என்று, அதுவரை இல்லாத சளியை உறிஞ்சிக் காட்டிவிட்டு ஓடிப்போனாள்.

"இது என்ன ராக்கெட் வேலையா?" என்று மோகன் தானே மேசையில் உட்கார்ந்தான். ஒரு மாஸ்க்கை எடுத்து முகத்தில் வைத்தான். இழுத்தான். கையை எடுத்தான். பொத்தென்று மடியில் விழுந்தது.

"ரிஜெக்ட்."

அடுத்தது. விழுந்தது. அதற்கடுத்தது, அதுவும். இருபது, முப்பது என்று ரிஜெக்ட் கூடை நிறைந்தது. மோகனுக்கு வியர்த்தது. முன்பு தாயம்மா பார்த்து ஓகே வைத்த பெட்டியைப் பிரித்தான். அதுவும் பொத்துப் பொத்தென்று விழுந்தது.

"டை போச்சு!" என்று அலறினான். டை என்றால் மாஸ்க்கை வார்க்கும் இரும்பு அச்சு. அது கெட்டால் கம்பெனியே படுத்துவிடும். "மெஷினை நிறுத்து! முதலாளிக்குப் போன் போடு!"

சம்பந்தம் அரை மணியில் வந்தார். கூடவே மச்சான் திருமுருகனும், கப்பலுக்கென்று வாங்கிய பூப்போட்ட சட்டையில். முதலாளி ஒரு மாஸ்க்கை முகத்தில் வைத்தார். விழுந்தது. திருமுருகன் வைத்தான். அவனுக்கு ஒட்டவே இல்லை, வைத்த வேகத்தில் நழுவியது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அச்சைக் கழற்றப் போனார்.

சுவரோரம் எட்டுப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தெரிந்த விஷயம். செக்கிங்கில் ஏன் எப்போதும் பெண்களையே வைக்கிறார்கள் என்று அந்த மூன்று ஆண்களில் ஒருவர்கூட ஒரு நாளும் யோசித்ததில்லை. பொம்பளை வேலை என்று விட்டுவிட்டார்கள்.

"சொல்லிடலாமாக்கா?" ரைஹானா கிசுகிசுத்தாள். "பாவம், கழட்டிடப் போறாங்க."

தாயம்மா எழுந்தாள். கோபம் தணிந்து எழுந்தாள் என்று நினைக்காதீர்கள். ரிஜெக்ட் கூடையில் கைவிட்டு, மேலாக இருந்த ஒன்றைத் துடைத்து முகத்தில் வைத்தாள். ஒரு இழு. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மாஸ்க் நின்றது. அப்படியே நடந்து முதலாளி முன்னால் போய்த் தலையை ஆட்டினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். அது அசையவில்லை. அடுத்ததை வைத்தாள், அதுவும் நின்றது. பத்து மாஸ்க் வரிசையாக.

"அச்சு நல்லாத்தான் கீது" என்றாள். "உங்க மூணு பேருக்கும் மீச கீது. மயிர் சந்துல காத்து பூரும். காத்து பூந்தா ஒட்டாது. நாய் மூஞ்சிக்கும் ஒட்டாது சார், அதுக்கும் மயிர்தான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபிட்டர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தன் மீசையையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சம்பந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மணியைப் பார்த்தார். "சரி, வேன் நிக்குது. எல்லாரும் உட்காருங்கம்மா."

"உட்கார்றோம்." தாயம்மா பர்ஸைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தாள். குங்குமம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. "இது உங்க பொண்ணு எடுத்துக் குடுத்தது. கற்பூரம் எரிஞ்சப்ப குடுத்தது. பாஸ்போர்ட் இல்லன்னாரு, எடுத்தேன். நீச்சல் தெரிலன்னாரு. அப்பால காண்ட்ராக்ட்டுன்னாரு. பதினோரு வருஷமா எம் மூஞ்சி மட்டும் பர்மனென்டா?"

சம்பந்தம் மோகனைத் திரும்பிப் பார்த்தார். "அவங்களுக்கு வர இஷ்டமில்ல, மிக்ஸி கேட்டாங்கன்னு சொன்னியே?"

மோகன் ரிஜெக்ட் கூடைக்குப் பின்னால் நகர்ந்தான்.

"நானா கேட்டேன்?" தாயம்மாவின் குரல் ஷெட்டின் தகரம் வரை போனது. "இன்னும் டேப்புகூட கிழிக்கல. நாளைக்கே எடுத்தாந்து உன் மேசைல வைக்கிறேன். நீ அரைச்சுத் துன்னு!"

இப்போது ஆபீஸ் வாசலில் லாவண்யாவும் வந்து நின்றாள், சளி சுத்தமாக இல்லாமல். "சார், பேரை மாத்தணும்னா இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. கப்பல் ஆபீஸ்ல நான் பேசிட்டேன்" என்றாள்.

சம்பந்தம், மாலை காய்ந்து தொங்கிய முதல் மெஷினைப் பார்த்தார். பிறகு, "மச்சான், நீ இந்தத் தடவை வேண்டாம்" என்றார்.

"சட்டை வாங்கிட்டேனே மாமா!"

"பொங்கலுக்குப் போட்டுக்கோ."

தாயம்மா நன்றி சொல்லவில்லை. அவளுடையதை அவளுக்குக் கொடுத்ததற்கு என்ன நன்றி? லாவண்யா அவள் பேரை அனுப்பி, வந்த பதிலைக் கண்ணெதிரே காட்டிய பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அறுநூறும் மாலைக்குள் முடிந்தது. மறுநாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய மிக்ஸிப் பெட்டி மோகன் மேசையில் உட்கார்ந்தது.

பொங்கல் முடிந்த வாரம், ஒரு தீவு. கப்பலிலிருந்து சின்னப் படகில் கொண்டுவந்து விட்டார்கள். போட்டோவில் பார்த்த அதே மணல், அதே தென்னை. நைட்டிக்கு மேலே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தாயம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மாஸ்க் கொடுத்த பையன் நீட்டியதை வாங்கவில்லை. கூடைக்குள் தானே கைவிட்டு, விரலால் ஓரம் தடவி, ஒன்றை ஒதுக்கி, ஒன்றை எடுத்தாள். குழாயைக் கவ்விக்கொண்டு குனிந்தாள்.

அந்தப் பக்கம் தண்ணீர்.

ட்யூப் லைட் இல்லை. சுவர் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் மஞ்சளும் கறுப்புமாக மீன்கள் வளைந்து போயின, அவசரமே இல்லாமல். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை. ஏன் வரும்? அவள் பார்த்து அனுப்பிய சரக்கு.

சந்தோஷம் வரும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் மற்றது பொங்கியது. இதைத்தானா இத்தனை வருடமாக மறைத்து வைத்திருந்தார்கள்? இவ்வளவு பக்கத்தில், ஒரு முகம் குனிகிற தூரத்தில்? குழாய்க்குள்ளேயே வாய் கொண்ட மட்டும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். தண்ணீருக்கு மேலே அது சங்கு ஊதியதைப் போலக் கேட்டது.

பக்கத்தில் மீசைக்குள் தண்ணீர் புகுந்து இருமிக்கொண்டிருந்த மோகன், "என்னம்மா, என்ன சொன்னீங்க?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

அவள் தலையைத் தூக்கவில்லை. மீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.