சீசன் முடிந்த பிறகு

பக்கவாதத்தில் விழுந்த செல்லச்சாமியை முதலில் அவர் மனைவி சோலையம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு மகள் மாரிசெல்வி பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுவதை நிறுத்திவிட்டு, ஏழாயிரம்பண்ணையில் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்தே அவள் இடுப்பு விட்டுப்போனது. வீட்டுப்பாட்டுக்கு மறுபடியும் வேலைக்குப் போகவேண்டி வந்தபோது, "தீபாவளி சீசன் முடியுற மட்டும் இங்கன இருங்கப்பா" என்று விருதுநகர் முதியோர் இல்லத்தில் விட்டாள்.

இப்போது தீபாவளி முடிந்துவிட்டது. இனி அப்பா அங்கேயே இருக்கட்டும் என்று அவளும் அண்ணன் முனியராஜும் பேசி முடித்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

செல்லச்சாமி சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் பையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி. கம்பெனி லீவு விட்டிருப்பாகன்னு காலையிலயே ரெடியாயிட்டேன். புதுமாப்பிள்ளை கெளம்பிட்டாருன்னு பக்கத்துக் கட்டில்காரன் கேலி பேசுறான்."

மாரிசெல்வி அவர் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். "இல்லப்பா... இந்த வருசம் லீவு விடல. ஆர்டர் அம்புட்டு கெடக்கு."

யாரிடம் சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. காலமெல்லாம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த மனிதர். தீபாவளி முடிந்த கையோடு எந்தக் கம்பெனியும் ஓடாது என்று அவருக்குத் தெரியாதா?

அவர் அவளையே பார்த்தார். பிறகு, விளங்குகிற கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"ஆர்டர் இருந்தா நல்லதுதான தாயி," என்றார். "கம்பெனி வேன் போயிரப் போகுது, நீ கெளம்பு."