கோர்ட்டுக்குப் பிறகு சாப்பாடு

விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது இருவருக்கும் பசித்தது. எனக்கு அந்தப் பசியின் மீதே ஆத்திரம் வந்தது. கனகலட்சுமி பஸ் ஏறிப் போயிருக்கலாம், போகவில்லை. கல்யாணமானதிலிருந்து போய்வரும் சிம்மக்கல் மெஸ்ஸுக்கே நடந்தோம். சேர்ந்து சாப்பிட வேறு இடம் எங்களுக்குத் தெரியாது.

மத்தியானக் கூட்டம். சுக்கா வாசம் தெருவரை அடித்தது. பரிமாறும் கருத்தக்கண்ணன் எங்களைக் கண்டதும் மூலை மேசையில் எதிரெதிரே இரண்டு இலை போட்டார்.

"வாங்கண்ணே, வாங்க மதினி! எம்புட்டு நாளாச்சு! என்ன சண்டையா, ரெண்டு பேரும் உம்முனு இருக்கீக?"

அவர் கேட்காமலே அவளுக்கு அயிரை மீன் குழம்பு ஊற்றினார், எனக்கு நல்லி எலும்பு வைத்தார். என் பாழாய்ப்போன கை, வழக்கம்போல அந்த நல்லியை எடுத்து அவள் இலையில் வைத்துவிட்டது. அவள் ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். பிறகு தட்டி உறிஞ்சித் தின்றாள். எனக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்தவள், இலையைத் தன் பக்கம் மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

கருத்தக்கண்ணன் பதறிப்போனார். "என்ன மதினி, எழவு வீட்டுல சாப்பிட்ட மாதிரி மடிக்கிறீக? நம்ம பக்கம் மடிங்க. திரும்ப வரணும்ல?"

அவள் கை கழுவப் போய்விட்டாள்.

என் இலையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. அதோடு சேர்த்து, அவள் மடித்த மாதிரியே மடித்தேன்.