தூக்கிய ஒன்பதாவது கேள்வி

நெலிதா அந்த ஒரு கேள்விக்காக இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். தற்கொலை எண்ணத்தை அளக்கும் ஆங்கில வினாத்தாளை ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் சுரங்க ஊர்களுக்குத் தோதாக ஸ்பானிய மொழியில் அமைப்பது அவள் வேலை. ஒன்பதாவது கேள்வி: "உங்கள் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்துவிட்டீர்களா?" நூறு பேரிடம் கேட்டுப் பார்த்ததில் தொண்ணூற்று நான்கு பேர் ஆம் என்றார்கள். சொல்லமாட்டார்களா பின்னே? தொட்டில் பிள்ளைக்கே அடக்கச் செலவுக்கென்று காப்பீடு கட்டுகிற ஜனங்கள்.

"ஊரே மொத்தமா சாகப்போகுதா என்ன? தூக்கிடு அதை" என்று சிரித்தார் துறைத்தலைவர் எவரிஸ்தோ.

"தூக்க வேணாம் டாக்டர். 'சமீபத்துல புதுசா ஏதாவது ஏற்பாடு பண்ணீங்களா'ன்னு மாத்திக் கேக்கலாம்."

"மாத்தினா மறுபடி நூறு பேர நீ தேடுவியா? ஜூன்ல மாநாடு இருக்கு."

மாநாடு என்றால் அவருக்கு மற்றதெல்லாம் தூசு. கேள்வியைத் தூக்கிவிட்டு நெலிதா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அக்டோபரில் ஓனோரினோ மனநல ஆலோசனைக்கு அவளிடம் வந்தார். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, மனைவியைப் பறிகொடுத்தவர். வினாத்தாளில் 'ஆம்' ஒன்றுக்கு ஒரு மதிப்பெண்; ஏழு வந்தால் அன்றே மருத்துவமனை. அவருக்கு ஆறுதான் வந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கல்லறையில அவ பேருக்குக் கீழ என் பேரையும் வெட்டியாச்சும்மா. கல்தச்சன் நேத்துதான் முடிச்சான். செத்த வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கான்."

"இப்ப என்ன அவசரம்?"

"பசங்களுக்கு அலைச்சல் வேணாம் பாரு. மாட்டையும் பக்கத்து வீட்டுக்கே குடுத்துட்டேன்."

 அவர் வாசல் தாண்டுவதற்குள் நெலிதா மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"எவ்வளவு மதிப்பெண்?" என்றாள் அங்கே நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குகிறவள்.

"ஆறு. ஆனா அவரு பேசுறத பாத்தா..."

"ஆறுன்னா ஏழு வாரம் கழிச்சுதான் தேதி. நீங்க வச்ச அளவுதானே மேடம்?"

மூன்றாவது வாரம் ஓனோரினோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

எவரிஸ்தோ கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தனை எடுத்திருந்தாரு?"

"ஆறு."

"ஒரு ஆள்தானே. நம்ம புள்ளிவிவரம் ஒண்ணும் கெடாது."

அந்த வாயைக் கிழிக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அதைவிட ஆத்திரம் தன்மேல்தான். போனில் 'ஏழு' என்று சொல்லியிருந்தால் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? தலைவலி என்று பொய் சொல்லி மாதம் ஒரு நாள் விடுப்பு எடுக்கக் கூசாதவள் அவள். அன்றைக்கென்று பார்த்து நேர்மை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.