ஃபாங் சூலானின் யாழ்

பன்னிரண்டாம் நாள் காலையில் கண் விழித்தபோது, எந்த ஊரில் இருக்கிறோம் என்று ரலித்சாவுக்குத் தெரியவில்லை. எழுந்து திரையை விலக்கினாள். வெளியே பனிமூட்டம். ஊர் இருந்தது, இல்லாமலும் இருந்தது. வெகு கீழே எங்கோ ஒரு படகு நீளமாக ஊதியது. ஆற்றங்கரை ஊர் என்பது மட்டும் புரிந்தது.

டான்யூப் ஆற்றின் கரையில் உள்ள ஒரு பல்கேரிய நகரத்தின் இசைக்குழு அவளுடையது. புத்தாண்டையொட்டிச் சீனத்தில் பதினோரு ஊர்களில் வாசிக்க வந்திருந்தார்கள். ரயில், பேருந்து, அரங்கம், விடுதி, மறுபடி ரயில். எல்லா விடுதிகளிலும் ஒரே நிறக் கம்பளம் விரித்திருந்தது. தூக்கமும் விழிப்பும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, பகலில் நடக்கும்போதே கால் தரையில் பாவாதது போலிருந்தது அவளுக்கு.

மற்றவர்கள் அவரவர் வாத்தியத்தைப் பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ரலித்சா வாசிப்பது ஹார்ப் எனப்படும், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் நாற்பத்தேழு நரம்பு யாழ். அதைக் கடல் தாண்டிக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு அரங்கிலும் உள்ளூர் யாழ் ஒன்று அவளுக்காகக் காத்து நிற்கும். நரம்பை முறுக்கும் சாவியும் சில மாற்று நரம்புகளும் மட்டுமே அவள் கைப்பையில் இருந்தன.

"உனக்கென்ன தாயே, ஊருக்கு ஊர் புது மாப்பிள்ளை" என்பான் கிளாரினெட் வாசிக்கும் ஒக்னியான்.

"ஆமாய்யா. வந்து பாரு, ஒருத்தனுக்குப் பல்லு ஆடுது, ஒருத்தனுக்கு முழங்கால் கிறீச்சுங்குது."

அன்றைக்கு மதிய நிகழ்ச்சி. மூன்று மணிக்கு ஆரம்பம். சுருதி சேர்க்க நேரம் வேண்டும் என்பதால் ரலித்சா பதினோரு மணிக்கே அரங்குக்குப் போய்விட்டாள். மொழிபெயர்ப்பாளர் கெங் கூட வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். இளமையில் சோஃபியாவில் ரோஜா சாகுபடி படித்தவர். அன்று கற்ற பல்கேரிய மொழி அப்படியே பெட்டியில் பூட்டி வைத்ததுபோல் இருந்தது அவரிடம். குழுவில் எல்லாரும் அவரைத் "தோழர் கெங்" என்றே அழைத்தார்கள்.

"தோழி ரலித்சா, தாங்கள் சிற்றுண்டி அருந்தினீர்களா?"

"அருந்தினேன் தோழரே" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மேடையில் யாழ் நின்றது. அதன்மேல் பூப்போட்ட சிவப்பு மெத்தைப்போர்வை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, பஞ்சு வைத்த கோட்டோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலடியில் வெந்நீர்க் குடுவை, மடியில் ஆரஞ்சுப் பை.

"இது இவ்வம்மையாரின் யாழ்" என்றார் கெங். "பெயர் ஃபாங் சூலான். அரங்கத்து யாழ் பழுதுற்றமையால் இதனை இரவல் தந்துள்ளார். நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்து ஊர் இசைப் பள்ளிக்கு இது நன்கொடையாகச் செல்கிறது. வண்டியிலேயே உடன் வந்துவிட்டார்."

ரலித்சாவுக்கு எரிச்சலாக இருந்தது. சுருதி சேர்க்கும்போது யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது அவளுக்கு. போகச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அந்தப் பெண்மணி ஓர் ஆரஞ்சை உரித்து அவள் கையில் வைத்துவிட்டாள். தின்ற பிறகு எப்படிப் போகச் சொல்வது?

போர்வையை விலக்கி வேலையைத் தொடங்கினாள். அரங்கில் கணப்பு கிடையாது, மூச்சு வெள்ளையாக வந்தது. சாமான் ஏற்றும் பின்கதவு திறந்தே கிடந்ததால் பனிமூட்டம் மேடைவரை மெல்ல வந்து நின்றிருந்தது. ஒரு நரம்பை முறுக்கி, மீட்டி, அடுத்ததற்குப் போகப் பார்த்தாள். ஃபாங் சூலான் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். ரலித்சா மறுபடி மீட்டினாள். ஆமாம், மயிரிழை இறங்கித்தான் இருந்தது.

அடுத்ததிலும் அப்படியே. சில நரம்புகளுக்குச் சூலான் கண்ணை மூடிக்கொண்டாள், சரி என்று அர்த்தம். நடுவிலிருந்த ஒரு நரம்பை ரலித்சா சேர்த்து முடித்ததும், இன்னும் கொஞ்சம் ஏற்று என்பதுபோல் விரலை உயர்த்திக் காட்டினாள்.

"அந்நரம்பு குளிரில் முரண்டு பிடிக்குமாம்" என்றார் கெங். "சற்று உயர்த்தி வைத்தால், அரை மணியில் தானே இறங்கிச் சரியான இடத்தில் அமருமாம்."

ஒன்றரை மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்தது. ரலித்சா சாவியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?"

சூலான் சிரித்துக்கொண்டே நிறையப் பேசினாள். கெங் அதை இலக்கியமாக்கித் தந்தார். அவள் சொன்ன தோரணையில் சொல்வதானால் இப்படி:

"ஐயோ, நானா? நான் சும்மா உக்காந்திருந்தேன், அவ்ளோதான். வாசிச்சது என் மக. ஒம்பது வருஷம், வாரத்துக்கு ரெண்டு வகுப்பு. வாத்தியாரம்மா சொல்றதையெல்லாம் நான்தான் நோட்டுல எழுதுவேன். வீட்டுல பக்கத்துலயே உக்காந்து, கட்டைவிரல் மேல, கட்டைவிரல் மேலன்னு கத்திக்கிட்டே இருப்பேன். பதினெட்டு வயசுல ஒரு நாள் எந்திரிச்சா, இந்தப் போர்வையப் போட்டு மூடினா. 'அம்மா, இது உன் ஆசை, என்னோடது இல்ல'ன்னா. இப்ப ஷாங்காய்ல பல் டாக்டருக்குப் படிக்கிறா. வீட்டுல இது நின்னா, லீவுக்கு வரும்போது அவளுக்கு மூச்சு முட்டுதாம்."

மகள் பக்கம்தான் நியாயம் என்று ரலித்சாவுக்குத் தோன்றியது. ரலித்சாவின் அம்மாவும் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வாசிப்பு நின்றதும் கைப்பிடி திரும்பும். அந்தக் கைப்பிடிச் சத்தம் நாற்பத்தேழு வயதிலும் அவள் கனவில் வரும். கச்சேரிக்கு வெளியே ரலித்சா யாழைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

ஆனாலும் சூலானின் கைகளைப் பார்த்தாள். மடியில் கிடந்த அந்த விரல்கள் பேச்சினூடே தாமாக வளைந்து உள்ளங்கைக்குள் மூடி மூடித் திறந்தன. யாழ் வாசிப்பவர்களின் விரல்கள்தான் அப்படி மூடும்.

ரலித்சா எழுந்து தன் இருக்கையைக் காட்டினாள். "உக்காருங்க."

சூலான் பதறிப்போனாள். வேண்டாம் என்று கை வீசினாள். அரங்கை ஒரு சுற்றுப் பார்த்தாள், காலி நாற்காலிகள்தான். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். யாழைத் தோளில் சாய்த்துக்கொண்ட விதத்தில் தவறே இல்லை. சுண்டுவிரலை ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களை நரம்பில் வைத்தாள்.

முதல் ஒலி கொசு ரீங்காரம் மாதிரி வந்தது. இரண்டாவது முழுதாக விழுந்தது. பிள்ளைகளுக்கு முதல் வருடத்தில் கொடுக்கும் நான்கு வரிப் பயிற்சி அது. ஏறி, இறங்கி, ஓரிடத்தில் தயங்கி, மறுபடி ஏறும். அவள் ஒருதரம்கூட வாசித்ததில்லை, ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். எப்போதோ கேட்டது இப்போதுதான் கைக்கு வந்து சேருவதுபோல் மெதுவாக வந்தது.

"கட்டைவிரல் மேலே" என்று ரலித்சா தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

சூலான் திரும்பாமலே ஏதோ சொன்னாள்.

"'எனக்குத் தெரியும், வாயை மூடு' என்கிறார்" என்றார் கெங். "மன்னிக்கவும், இதனை மென்மையாக்க இயலவில்லை."

நான்கு வரியும் முடிந்து மறுபடி ஆரம்பித்தபோது, மேடையின் ஓரத்திலிருந்து கிளாரினெட் கேட்டது. ஒக்னியான் எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினான், அதன்மேல் யாழ் நடந்தது. சூலானின் தோள் ஒருமுறை விறைத்தது. நிறுத்தவில்லை. பனி மேடைப் பலகையில் தவழ்ந்தது. குழுவினர் ஒவ்வொருவராக உள்ளே வந்து, கோட்டையும் பெட்டியையும் இறக்காமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று ரலித்சாவுக்குத் தெரியாது. ஐந்து நிமிடமாக இருக்கலாம். விழித்திருக்கிறோமா என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளில் முதன்முறையாக, கால் தரையில் இருந்தது.

மூன்று மணிக்கு அரங்கு நிறைந்தது. வால்ட்ஸ், போல்கா நடன மெட்டுகள், கடைசியில் எல்லாரும் கைதட்டும் அணிவகுப்பு இசை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த சூலான் கை தட்டவில்லை. ரலித்சாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாளைக்குத் தேர்வு இருப்பவள் போல. முரண்டு பிடிக்கும் அந்த நரம்பு தன் இடத்தில் ஒழுங்காக இருந்தது.

ஐந்தரைக்குப் பின்வாசலில் வண்டி வந்தது. போர்வை சுற்றிய யாழை நான்கு பேர் ஏற்றிய பிறகு, சூலான் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"'மூத்த சகோதரியே, இது என்ன திருவிளையாடல்?' என வினவுகிறார்" என்றார் கெங்.

"அவன் அவ்ளோ மரியாதையா கேட்ட மாதிரி தெரியலயே தோழரே" என்றான் ஒக்னியான்.

"மீதியை நான் மொழிபெயர்க்கவில்லை. இசைப் பள்ளிக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும், வண்டி தம் இல்லத்திற்குத் திரும்ப வேண்டுமென்றும் அம்மையார் சொல்கிறார். இல்லம் எட்டாவது மாடி. மின்தூக்கிக்குள் யாழ் நுழையாதாம்."

சூலான் அங்கேயே நின்று மகளுக்குத் தொலைபேசினாள். மறுமுனையில் உயர்ந்த குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. கெங் காதைத் தீட்டிக்கொண்டு ரலித்சாவிடம் முணுமுணுத்தார். "மகள் கேட்கிறாள், மறுபடியும் யாருக்காக அம்மா என்று." சூலான் ஒரே சொல்லில் பதில் சொன்னாள். "எனக்கு என்கிறார்."

பிறகு மகள் ஏதோ கேட்க, சூலான் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியில் ஏறினாள். என்ன கேட்டாள் என்று கெங்குக்கும் சரியாகக் காதில் விழவில்லை. லீவுக்கு எப்போது வரலாம் என்பதாக இருக்கலாம் என்றார்.

மறுநாள் நான்கு மணி நேர ரயில், இன்னோர் ஊர், இன்னோர் அரங்கம். அங்கிருந்த யாழ் புதியது, மெருகு மணம் மாறாதது. ரலித்சா சுருதி சேர்த்து முடித்தாள். வழக்கமாக உடனே தேநீருக்குப் போய்விடுவாள். அன்று எழவில்லை. பள்ளி நாட்களில் யாருக்கும் தெரியாமல் தனக்குத்தானே கட்டிய ஒரு சின்ன மெட்டு. பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தது. தேடித் தேடி வாசித்தாள்.

ஒக்னியான் இரண்டு கோப்பையோடு வந்து நின்றான். "இது நம்ம பட்டியல்ல இல்லயே. எதுக்கு?"

"எதுக்கும் இல்ல" என்றாள் ரலித்சா. "தேநீரை அங்க வெச்சிட்டுப் போ."