கை இருக்கா?

கிள்ளானில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது அலமாரிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டுகள் கிடைத்தன. வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். செத்தவர் வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றுவதுதான் எனக்கு இப்போது வேலை.

"சின்னையாண்ணே, அத பிரிக்பீல்ட்ஸ் பொண்ணுகிட்ட கொடுங்க," என்றான் லோரி ஓட்டும் கிஷன். "போன மாசம் ஓடாத ரேடியோவ சிரிச்சிக்கிட்டே வாங்கிச்சி. குப்பைன்னா அதுக்கு உயிரு."

"நீயே கொண்டுபோய்க் கொடேன்."

"நான் போனா என்னையும் தொடச்சி அலமாரியில வெச்சிரும் லா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன். சுதர்சினி என்று பெயர் அந்தப் பெண்ணுக்கு. வார நாட்களில் பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறு இந்த மாடி அறை. யாருக்கும் ஞாபகம் இல்லாத பழைய மியூசிக் பேண்டுகளைத் தேடிப் பிடித்து, தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் போடுவாள். எங்கெங்கோ இருப்பவர்கள் கேட்பார்களாம்.

டின்னை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"அங்கிள் கிள்ளான்தானே? ஒரு நிமிஷம். உங்க ஊரு பேண்ட் ஒண்ணு இருக்கு, கேட்டுட்டுப் போங்க. தொண்ணூத்தொண்ணு. பேரு சால்ட் லோரி."

பெயரைக் கேட்டதும் என் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது. அவள் பார்க்கவில்லை.

"போஸ்ட்-பங்க் ராக்குல தொடங்கி ஷூகேஸ்ல முடியும் அங்கிள். ஷூகேஸ்னா, வாசிக்கிறவங்க தலை நிமிரவே மாட்டாங்க. காலுகிட்ட இருக்கிற பெட்டிய மிதிச்சிக்கிட்டு, ஷூவயே பாத்துக்கிட்டு நிப்பாங்க."

அப்படி ஒருவனை எனக்குத் தெரியும். எனக்குப் பயந்துதான் தலையைக் குனிந்து வாசிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பொத்தானை அழுத்தினாள். மரம் அறுபடுகிற சத்தம் போல கிட்டார் எழுந்து அறை முழுவதும் நிறைந்தது. மழைக்குத் தகரக் கூரை அலறுவது போலவும் இருந்தது. அதற்கு அடியில், வெகு தூரத்தில், ஓர் ஆண் குரல்.

"வார்த்தையே இல்ல," என்றாள் சுதர்சினி. "ஜப்பான்ல ஒருத்தரு, அவங்களே உண்டாக்கின பாஷைன்னு எழுதியிருக்காரு. நான் நூறு தடவை கேட்டுட்டேன்."

எனக்கு முதல் தடவையே புரிந்தது. குரல் கேட்டது: "கை இருக்கா?"

பிறகு சும்மா இருந்தது. பத்துப் பதினைந்து வினாடி கிட்டார் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. மறுபடி: "கை இருக்கா?"

காப்பார் சாலைப் பக்கம் ஒரு சாமில்லில் இருபது வருடம் மரம் அறுத்தேன். பெரிய ரம்பத்துக்கு இந்தப் பக்கம் மரத்தைத் தள்ளுகிறவன், அந்தப் பக்கம் பலகையை இழுக்கிறவன். இழுக்கிறவனுக்குத் தள்ளுகிறவன் கை தெரியாது, நடுவில் மரம் மறைக்கும். ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் இழுக்கிறவன் "கை இருக்கா?" என்று கத்துவான். தள்ளுகிறவன் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு "இருக்கு" என்பான். அதற்கப்புறம்தான் இழுக்கிறவன் "தள்ளு" என்பான். பதில் வராமல் இழுக்கக் கூடாது. காலையில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்கூட ரம்பத்தடியில் கேட்காமல் இருந்ததில்லை. அந்த இரைச்சலுக்குள் மனிதக் குரலைப் பிரித்தெடுக்கக் காது தானாகப் பழகிவிடும். பழகாதவனுக்கு விரல் மிஞ்சாது.

ஆறு மாதம் எனக்கு அந்தப் பக்கம் நின்று இழுத்தவன் என் தம்பி லோகன்.

"இந்தப் பேண்ட்ல ஒரு விசித்திரம் இருக்கு அங்கிள்," என்றாள் அவள். "மொத்தம் நாப்பது கேசட்தான் செஞ்சாங்க. மியூசிக்க ஒரு செட்ல ஓடவிட்டு, இன்னொரு செட்ல பதியும்போது பாடகரு பக்கத்துல நின்னு பாடுவாராம். நாப்பதுக்கும் நாப்பது தடவை. அதனால ஒவ்வொரு கேசட்லயும் குரல் வேற. எனக்கு ரெண்டுதான் கெடச்சிருக்கு."

இரண்டாவதையும் போடச் சொன்னேன். அதே கிட்டார், நாலாவது நிமிடம் விழும் அதே டிரம். குரல் மட்டும் வேறு மாதிரி. ஆனால் அதே கேள்வி, அதற்குப் பின்னால் அதே காத்திருப்பு. முன்னதைவிடக் கொஞ்சம் நீளமான காத்திருப்பு.

"ஆள் யாருன்னே தெரியல," என்றாள். "தெரிஞ்சா பேராவது போடலாம்."

நான் படி இறங்கினேன்.

தொண்ணூற்றொன்றில் லோகனுக்கு இருபத்திரண்டு வயது. பகலெல்லாம் ரம்பச் சத்தம். வீட்டுக்கு வந்தால் பின்னறையில் சால்ட் லோரி என்று பெயர் வைத்துக்கொண்டு அவனும் கூட்டாளிகளும் அதே சத்தம். ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் ஒயரைப் பிடுங்கி, கிட்டாரைச் சுவரில் அடித்தேன். தடுக்க வந்தவனையும் அடித்தேன். வாயில் ரத்தம் வந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை, தலையைக் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் ஆள் இல்லை. என் சோற்றுக் கேரியர் மேல் ஒரு கேசட் இருந்தது. அட்டையில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. போலீசில் எழுதி வைத்தோம், ஜோகூர் வரை போய்த் தேடினோம். முப்பத்து மூன்று வருடமாக ஒரு சேதி இல்லை.

அவன் போன பிறகு புதிதாக வந்தவன் ஒருநாள் கேட்காமல் இழுத்தான். என் வலது கையில் இரண்டு விரல் போனது.

அதற்கப்புறம் அந்தக் கேசட்டை ஒரு தடவைகூடக் கேட்காமல், அதில் அம்மாவுக்காக ரேடியோப் பாட்டைப் பதிந்தேன். அழியாமல் இருக்க அவன் பின்பக்கம் உடைத்து வைத்திருந்த துளைகளை நானே செலோடேப் ஒட்டி மூடினேன். ஐம்பத்திரண்டு வயதில் கோயில் மண்டப வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்துவிட்டு, வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். அரிசி மூட்டை, மருந்துச் சீட்டு, கடைசியில் அந்த அட்டை. "நாற்பது. அண்ணனுக்கு. அழிக்காதே."

அந்த ஒன்றில் மட்டும் அவன் எனக்கென்று என்ன பாடினான் என்பது எனக்குத் தெரிய வேண்டும். திட்டியிருந்தாலும் சரி.

அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுபோய் சுதர்சினியிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை வாசித்துவிட்டு அவள் கேசட்டைத் திருப்பி, செலோடேப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"உங்க பழைய செட் மலிவானதா அங்கிள்?"

"ஆமா, பாசார் மாலாம் ரோட்டுக்கடையில வாங்கினது."

"அப்ப நல்லது. அந்த மாதிரி செட் பழச முழுசா அழிக்காது. அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

ஓடவிட்டாள். ரேடியோப் பாட்டு வந்தது. அம்மா இருமுவதும் கேட்டது. பாட்டு முடிவதற்கும் அறிவிப்பாளர் பேசுவதற்கும் நடுவே, அடியில் கிட்டார் அரித்துக்கொண்டிருந்தது.

"கிட்டார் கேக்குது," என்றாள். "குரல் இல்ல."

இருந்தது. "அண்ணே, கை இருக்கா?"

இதில் மட்டும்தான் அண்ணே என்று இருந்தது. அவனை அடித்த கையைப் பற்றிக் கேட்கிறான். கேட்டான், நிறுத்தினான், கேட்டான். அவன் பாட்டு அந்த இடத்தைத் தாண்டவே இல்லை. மற்ற கேசட்டுகளில் நாலாவது நிமிடம் வரும் டிரம் இதில் வரவில்லை. நாடா தீர்ந்து பொத்தான் படக்கென்று எழும்பியது.

"டிரம் எங்க போச்சி?" என்றாள். "எல்லாத்துலயும் மியூசிக் ஒண்ணுதானே."

"பதில் வராம இழுக்க மாட்டான்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி அழுத்தினாள். வெளியே வெயில் கொளுத்தியது. கீழே பூக்கடையில் யாரோ பேரம் பேசினார்கள். அறைக்குள் மட்டும் மரத்தூள் வாசம் அடித்தது. எனக்குத்தானோ என்று நினைத்தேன், அவளும் மூக்கைத் தேய்த்தாள்.

ரேடியோ. அம்மாவின் இருமல். கிட்டார்.

"அண்ணே, கை இருக்கா?"

சாமில்லில் இருபது வருடம் நான் "இருக்கு" என்று யோசிக்காமல் கத்தியிருக்கிறேன். இப்போது வாயில் வரவில்லை. மேசை மேல் கிடந்த என் கையைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது. ரம்பத்தடியில் யாரும் பொய் சொன்னதில்லை.

"ரெண்டு விரல் இல்லடா," என்றேன். "மிச்சம் இருக்கு."

கிட்டார் அப்படியே நின்றது. ரேடியோவும் நின்றது. நாடா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதிக்குள் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது, வாயில் அடிபட்டவன் உறிஞ்சுவது போல.

"தள்ளு."

டிரம் விழுந்தது. மேசை அதிர, ரேடியோவையெல்லாம் மூழ்கடித்துக்கொண்டு பாட்டு முன்னே போனது.

"அங்கிள்," என்றாள் சுதர்சினி. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றிருந்தாள். "இப்ப 'தள்ளு'ன்னு சொன்னது யாரு?"

அப்போதுதான் கவனித்தேன். என்னை அறியாமல் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து, ரம்பத்துக்கு எட்டாமல், மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தேன்.