பிரித்திகா சொல்லும் வரை

பிரித்திகாவின் டி.சி.யை வாங்கிவிடுவது என்று முடிவு செய்துதான் புத்தலப்பட்டில் பஸ் ஏறினேன். அவள் என் மகனின் பெண். சித்தூரில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கிறாள். அவளுக்குத் திக்குவாய். அந்தப் பெண்ணைத் தினமும் பிரேயரில் மேடையேற்றி, பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் கட்டளை போடச் சொல்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான். வேதக்காரர்களுக்கு வேடிக்கை காட்ட எங்கள் பிள்ளைதான் கிடைத்ததா? நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. இரண்டாவதோடு படிப்பை விட்டவனை ஏமாற்றாத ஆள் யார்?

கேட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் கைகளை உடம்போடு ஒட்டி விறைத்து நின்றார்கள். "அட்டென்ஷன்" சொல்லியாகிவிட்டது. இனி "ஸ்டேண்ட் அட் ஈஸ்" என்றால்தான் காலை அகட்டலாம்.

மேடையில் பிரித்திகா. "ஸ்... ஸ்..." கழுத்து நரம்பு புடைத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. உதட்டைச் சுழித்து ஊதிப் பார்த்தாளே தவிர, அவள் கையை எடுக்கவில்லை.

வீட்டில் பிரித்திகா "த" என்றாலே நான் தண்ணீரை நீட்டிவிடுவேன். முழுச் சொல்லுக்குக் காத்திருந்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்டேண்ட் அட் ஈஸ்!" என்று கத்திவிட்டேன்.

ஒரு கால்கூட அசையவில்லை. கடைசி வரிசையில் ஒரு வாண்டு தலையைத் திருப்பாமலே சொன்னது: "தாத்தா, நீ சொன்னா செல்லாது. அக்கா சொல்லணும். கம்முனு இரு."

பெரிய சிஸ்டர் வந்தார். "கொஞ்சம் ஆகண்டி, தாத்தா," என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, "பொறுங்க," என்றார்.

"இன்னாத்துக்குப் பொறுக்கணும்? பேச்சு வராத பொண்ண நிக்க வச்சு கூத்து காட்டிக்கினு இருக்கீங்களா?"

"நான் ஏத்தலை. வாரத்துக்கு ஒருத்தர் லீடர். அவ முறை வந்துச்சு. வேணாம்னா விட்டுடறேன்னேன். 'வேணும்'னு சொல்றதுக்கே அரை பீரியட் ஆச்சு."

"பசங்க சிரிக்குதுங்களாமே?"

"திங்கக்கிழமை சிரிச்சாங்க. சிரிச்சவங்களும் அவ சொல்ற வரைக்கும் நின்னாங்க. பொறுமையைப் பத்தி நான் பாடம் நடத்தினா தூங்குதுங்க. இது தூங்க விடாது."

"அதெல்லாம் வேணாம்மா. டி.சி.யைக் குடுங்க."

"அவ இறங்கட்டும். அவளையே கேளுங்க."

பிரித்திகா வாயை மூடி மூச்சை இழுத்தாள். என்னைப் பார்த்து முறைத்தாள். மறுபடி தொடங்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்... ஸ்டே... ஸ்டேண்ட்... அட்... ஈஸ்!"

இடது கால்கள் எல்லாம் ஒரே அடியாக விழுந்தன. செம்மண் கிளம்பியது. ஈ உட்கார்ந்த பெண் தன் மூக்கிலேயே ஓங்கி அடித்துக்கொண்டாள்.

பிரேயர் முடிந்ததும், வகுப்புக்குப் போகாமல் பிரித்திகா நேரே என்னிடம் வந்தாள். "நீ ஏ... ஏ..."

ஏன் வந்தே என்கிறாளா? ஏன் கத்தினே என்கிறாளா? இரண்டுக்கும் பதில் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். மணி அடித்தது. மைதானம் காலியானது. சிஸ்டரும் நகரவில்லை.

"நீ ஏன் க... கத்தினே? பாதி வ... வந்துச்சு. மொதல்லேருந்து பி... பிடிக்க வேண்டியதாச்சு."

"தப்புதாம்மா."

"நா... நாளைக்கும் நான்தான்." சொல்லிவிட்டு ஓடினாள்.

"டி.சி. எழுதட்டுமா, தாத்தா?" என்றார் சிஸ்டர்.

அந்த அம்மாளை இன்னும் நான் முழுசாக நம்பவில்லை.

"நாளைக்கும் வந்து பாத்துட்டு சொல்றேன்," என்றேன். "மொதல் பஸ்ஸுக்கே வந்துடுவேன்."